பின் சீட்டில் நான்கு வட்டங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வேலூரில் ஆம்பூர் பேருந்து ஏறினேன் என்று என் டைரியில் இருக்கிறது. சட்டைப் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று நான்காக மடித்த கடிதம். இன்னொன்று ஒரு சாக்பீஸ் துண்டு. கடிதத்தை யோசித்து வைத்தேன். சாக்பீஸ் யோசிக்காமலே வந்து சேர்ந்துவிடும். என் சட்டைகள் எல்லாவற்றிலும் பையின் அடித்தையலில் வெள்ளையாக ஒரு கோடு உண்டு.

தோல் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தரம் பிரிக்கிறேன். பதனிட்டுச் சாயமேற்றி முடித்த தோலைச் சாய்வு மேசையில் விரித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தடம், சூடு போட்ட தழும்பு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வட்டங்களின் எண்ணிக்கையை வைத்துத் தோலுக்குத் தரம். எங்கள் தொழிற்சாலையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. போட்ட வட்டத்தை அழிக்க எனக்கே உரிமை கிடையாது. முதலாளி ஒருவர்தான் அழிக்கலாம். ஏற்றுமதி அவசரத்தில் மேனேஜர்கள் வந்து கெஞ்சுவார்கள், "ஒரு வட்டத்தை லேசா தொடச்சிடுங்க மேஸ்திரி" என்று. துடைக்க மாட்டேன். எனக்குப் பெருமை தந்த ஒரே விஷயம் அதுதான்.

கடிதம் என்னை வேலையிலிருந்து விடுவிக்கக் கேட்டு முதலாளிக்கு எழுதியது. என் மனைவி வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மலையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஐந்து வருடத்துக்கு வேலை கொடுத்து, தங்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். நானும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்காக எழுதிய கடிதத்தை மூன்று முறை முதலாளி அறைக்குக் கொண்டுபோய் மூன்று முறையும் திருப்பிக் கொண்டுவந்தேன். முதல் முறை அவருக்குக் கண் அறுவை நடந்திருந்தது. இரண்டாம் முறை நான் வாயைத் திறக்கும் முன்பே என் இடுப்பு வலிக்கு ஒரு தைலம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் முறை அவர் ஒன்றும் செய்யவில்லை. "சாப்ட்டியா மேஸ்திரி?" என்று கேட்டார். "ஆச்சு முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள், "நாளைக்கும் இந்த லெட்டர் பாக்கெட்லயே திரும்பி வந்துச்சின்னா, நான் ஒரு டிக்கெட்டுதான் எடுப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் மாத்திரை வேளை சொல்லும் குரல் அது. அந்தக் குரலில் சொன்னதை அவள் மாற்றியதில்லை.

முதலாளி என்னை ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னது அவர் கட்டிக்கொண்டிருந்த காட்சிக்கூடத்தைக் காட்டுவதற்காக. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அவருடைய பழைய ஷெட் ஒன்று இருந்தது. முன்பு தோல் காயவைத்த இடம். அதற்குத் தரை போட்டு, கூரை மாற்றி, குளிர்சாதனம் வைத்து, முப்பது வருடமாக அவர் சேர்த்த பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். சுவர்களில் ஓவியங்கள். ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய மருமகள். சென்னையில் ஓவியம் படித்தவர்.

வாசலில் முதலாளி நின்றிருந்தார். எழுபத்தாறு வயது. வெள்ளை ஜிப்பா, தொப்பி.

"வா மேஸ்திரி. சர்ச்சுக்குப் போகாம வந்துட்ட. உங்க ஆண்டவர் கிட்ட நான் பேசிக்கிறேன், கவலப்படாத."

மருமகள் வாசல் மேசையைக் காட்டி, "அங்கிள், போனை இங்க வெச்சிடுங்க. உள்ள யாருக்கும் போன் கிடையாது. மாமாவுக்கே கிடையாது," என்றார். மேசையில் முதலாளியின் போன் ஏற்கெனவே இருந்தது. என்னுடையதை அதன் பக்கத்தில் விளிம்பு நேராக வைத்தேன். அப்போது பத்து மணி இருபது.

கார்களுக்குப் போகும் முன் வாசலுக்கு இடப்புறம் இருந்த கண்ணாடி அறைக்கு என்னை அழைத்துப் போனார். ஒரு மேசை, சுழலும் நாற்காலி, புதிய மின்விசிறி. நாற்காலியில் இடுப்புக்கு அணைவாக ஒரு சிறிய தலையணை. மேசைமேல் தடித்த பைண்டு போட்ட ரிஜிஸ்டர். திறந்து பார்த்தேன். கோடு போட்ட தாள்கள், ஒன்றிலும் எழுத்தில்லை.

"யாருக்கு முதலாளி இது?"

"கேக்கறான் பாரு. உனக்குத்தாம்பா. ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். எங்க வாங்குனது, இன்னா ஒரிஜினல், இன்னா மாத்துனது, எல்லாம் உன் கையெழுத்துல. இனிமே நின்னுக்கினே பாக்கற வேலை வேணாம். உக்காந்து எழுது. கை ஓடற வரைக்கும் எழுது. ரிட்டயர்மென்ட்னு ஒண்ணு உனக்குக் கிடையாது, போ."

சந்தோஷமாகச் சிரித்தார். மருமகளும் சிரித்தார். அறையின் கதவும் கண்ணாடி, மூன்று பக்கச் சுவரும் கண்ணாடி. எங்கிருந்து பார்த்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவன் தெரிவான். நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தலையணை சரியாக வலிக்கும் இடத்தில் அணைத்தது. சட்டைப் பையிலிருந்த கடிதம் நெஞ்சில் குத்தியது.

படங்களைப் பார்க்கக் கிளம்பினோம். எனக்கு ஓவியம் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு பரப்பை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்ப்பதுதான். அதையே செய்தேன். ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கும் படம். தலையைச் சாய்த்துப் பார்த்தபோது, வலது மேல் மூலையில் வண்ணம் வேறு மாதிரி பளபளத்தது.

"இங்க ஒரு ஒட்டு இருக்கும்மா," என்றேன்.

"அங்கிள், அது பெயின்டிங். தோல் இல்ல," என்று சொல்லிவிட்டு அருகில் வந்து அவரும் தலையைச் சாய்த்தார். "மாமா, இவர் சொல்றது சரிதான். இங்க யாரோ தொட்டிருக்காங்க."

முதலாளி என் தோளில் தட்டினார். "இதுக்குத்தான் நீ வேணும்ங்கறது."

ஒவ்வொரு முறை சரியாகச் சொல்லும்போதும் இன்னொரு கதவு சாத்திக்கொள்வது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டு பார்க்க முடிவு செய்தேன். ஆனால் கடைசிச் சுவரில் இருந்த படத்தின் முன் நிற்கச் சொன்னார்கள். பெரிய படம், ஆளுயரம். எங்கள் தொழிற்சாலையின் உள்பகுதி. வடக்கு ஜன்னல், சாய்வு மேசை, மேசைமேல் செம்பழுப்புத் தோல். அதன் மேல் குனிந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். கண்ணாடி, வழுக்கை, பையில் பேனா.

நான்.

"போட்டோ எடுத்து அனுப்சி வரையச் சொன்னேன். உனக்குத் தெரியாம," என்றார் முதலாளி. "எப்பிடி?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓவியன் சாக்பீஸை வலது கையில் கொடுத்திருந்தான். நான் இடது கைக்காரன். போட்டோவைத் திருப்பிப் பார்த்து வரைந்திருப்பான். இதைச் சொல்லவில்லை. அந்தச் சுவரில் அவன் இன்னும் நூறு வருடம் குனிந்துகொண்டே இருப்பான் என்ற நினைப்பில் கார்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார்கள் எட்டு. ஏழு கார்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, கதைக்கு நடுவில் டீ. கடிதத்தை எடுக்க எனக்கு இரண்டு இடைவெளிகள் கிடைத்தன. பதினொன்றே முக்காலுக்கு ஒன்று. பன்னிரண்டு இருபதுக்கு ஒன்று. இரண்டிலும் நான் டீ குடித்தேன்.

எட்டாவது கார்தான் அவருடைய உயிர். அடர் பச்சையும் கறுப்புமாக, ஒரு சிறிய அறை நீளத்துக்குச் சீமைக் கார். எழுபது வருடம் பழையது. ஷெட்டின் கோடியில், வலப்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் உட்காரும் இடத்துக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு.

"இந்தத் தடுப்பு எதுக்குத் தெரியுமா? முன்னாடி இருக்கறவன் பின்னாடி பேசறத கேக்கக் கூடாதுன்னு. இதுல எஞ்சின் மாத்தியாச்சு, பெயின்ட் மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணே ஒண்ணு, சீட்டு. தோலு ஒரிஜினல். எழுபது வருஷத்துத் தோலு. ரிஜிஸ்டர்ல அத முதல் வரியா எழுது. ஏறு, உக்காந்து பாரு."

ஏறினேன். கூடவே நின்ற முதலாளியின் டிரைவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். அந்த நேரம் பகல் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று முதலாளி கிளம்பினார். மருமகள் சாப்பாடு பார்க்க வீட்டுக்குப் போனார். டிரைவர் டீ குடிக்கப் போனார். பன்னிரண்டு ஐம்பது.

இறங்கலாம் என்று உள் கைப்பிடியைத் திருகினேன். அது சும்மா சுற்றியது. கதவு அசையவில்லை. கண்ணாடியை இறக்கும் பிடி கழன்றிருந்தது. வலப்பக்கம் சுவர். முன்னால் தடுப்பு. தடுப்பைத் தட்டினேன். "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே மெத்தைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

பயப்படவில்லை என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. காற்று இருந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நேர் எதிரே அந்தப் படம். மேசையில் குனிந்திருக்கும் நான். இன்னொரு பக்கம் தூரத்தில், வாசலருகே, அந்தக் கண்ணாடி அறை. மூன்று இடத்திலும் நானே உட்கார்ந்திருந்தேன், நின்றிருந்தேன். பார்க்காமல் இருப்பதற்காகத் தலையைக் குனிந்தேன். குனிந்ததால் சீட்டைப் பார்த்தேன்.

அடர்ந்த சிவப்புத் தோல். கை தானாகத் தடவ ஆரம்பித்தது. எழுபது வருடத் தோல் விரலுக்கு வேறு மாதிரி இருக்கும். மடிப்பில் சின்னச் சின்ன வெடிப்பு இருக்கும். இதில் இல்லை. பழசு போலக் காட்ட மேலே மெழுகு தேய்த்திருந்தார்கள். முதுகுப் பக்கம் உண்ணிப் புள்ளிகள். இடது ஓரத்தில் முள் கீறல். வலது ஓரத்தில், உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் மறைந்துபோகும் இடத்தில், சூட்டுத் தழும்பு. இரண்டு படி வைத்த ஏணி மாதிரி ஒரு குறி.

அந்த ஏணியை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் சோபா செய்பவர்களுக்காக வந்த ஆர்டரில் பதினோரு தோலில் அந்தச் சூடு இருந்தது. பதினொன்றையும் ஒதுக்கினேன். டைரியில் அந்தக் குறியை வரைந்தும் வைத்திருக்கிறேன். ஒதுக்கிய தோல்கள் சென்னைக்கு, பெரியமேட்டுத் தோல் கடைகளுக்கு எடை போட்டுப் போயின.

பிறகு நான் மறுபடி பார்த்தபோது சீட்டில் நான்கு வட்டங்கள் இருந்தன. சாக்பீஸ் என் இடது கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. சிவப்பின்மேல் வெள்ளை வட்டங்கள், சுத்தமாக, ஒரே அளவில். ஓரத்தில் தரத்தின் எண் வேறு எழுதியிருந்தேன். கைக்குட்டையை எடுத்தேன். எடுத்து, மடித்து, மறுபடி பையில் வைத்தேன். அழிக்க எனக்கு உரிமை கிடையாது.

ஒன்று இருபத்தைந்துக்கு முதலாளி வந்து கதவைத் திறந்தார். நான் இறங்கி நின்றேன்.

"இவ்ளோ நேரம் உள்ளயா இருந்த? அவ்ளோ புட்ச்சிருச்சா?" என்று சிரித்தபடி குனிந்து உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றது. வேறு யாராக இருந்தாலும் பழைய காரில் கிறுக்கிவிட்டான் என்று கத்தியிருப்பார்கள். அவருக்கு என் வட்டம் தெரியும்.

"இன்னா மேஸ்திரி இது?"

"தெரியாம கை போயிருச்சு முதலாளி."

"அத கேக்கல. இது இன்னா தோலு?"

"நம்ம தோலு."

காருக்குள் ஏறினார். சீட்டில் நகர்ந்து நகர்ந்து வலக்கோடிக்குப் போய் ஏணித் தழும்பின்மேல் குனிந்தார். "ஏறு. வந்து காட்டு." நானும் ஏறினேன். ஏறி, கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன் என்று அன்றைய பக்கத்தில் மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்திருக்கிறேன். திறந்த கதவைச் சாத்துவது என் பழக்கம் என்பது முதலாவது. மற்ற இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை.

ஏணியைக் காட்டினேன். ஒதுக்கிய கதையைச் சொன்னேன்.

"சீட்டு ஒரிஜினல்னு சொல்லித்தானே அந்தப் பையன் ரிப்பேர் பண்ணிக் குடுத்தான்," என்றார். அந்தப் பையனுக்கு அறுபது வயது இருக்கும். "பெரியமேட்டுல எடைக்கு வாங்கித் தெச்சிருக்கான். நம்ம ரிஜெக்ட்டு மெட்ராஸ் போயி, அரும்பொருளாயி, நம்ம வூட்டுக்கே வந்துருச்சு." வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜாஸ்தி வெலைக்கு வந்துச்சு, அது வேற. பாத்தியா, நீ இல்லன்னா இத நான் ஊருக்கே ஒரிஜினல்னு காட்டியிருப்பேன். உன்ன எப்பிடி விடுவேன் நானு? வா, சாப்டலாம்."

நான் நகரவில்லை.

"எறங்குப்பா."

"உள்பக்கம் கைப்பிடி வேலை செய்யல முதலாளி."

"எப்பத்துலருந்து?"

"பன்னெண்டு அம்பதுல இருந்து எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்தேன். "தெரிஞ்சேதான் சாத்துனியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், "சரி, இன்னா விஷயம்?" என்றார்.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதன் மடிப்பெல்லாம் சாக்பீஸ் தூள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு முறை படித்தார். கார் ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. எழுந்து போக வழி இல்லை. எனக்கு டீ சொல்ல ஆள் இல்லை.

"தேதி போடலியே. நீ தேதி போடாம எழுதற ஆளா?"

"முதல்ல போட்டேன் முதலாளி. குடுக்க முடியாம பழசாயிருச்சு. மறுபடி வேற தாள்ல எழுதுனேன், அதுவும் பழசாயிருச்சு. மூணாவதுல போடல."

"மூணு தடவ எழுதுனியா." கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "நான் இன்னா கொறை வெச்சேன் உனக்கு?"

"கொறையே வெக்கல முதலாளி. அதான் பேஜாரு."

அவர் கடிதத்தை மடித்து மறுபடி பிரித்தார். பிறகு நான்தான் பேசினேன். மனைவி இரவு டியூட்டி முடித்து வரும்போது நான் காலைப் பேருந்துக்குக் கிளம்பிய கதையைச் சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்டாக இருந்ததைச் சொன்னேன். ஒரு டிக்கெட்டா இரண்டு டிக்கெட்டா என்று அவள் கேட்டிருப்பதைச் சொன்னேன். இருபத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது கிடையாது.

"நர்ஸம்மா சொன்னா சொன்னதுதான்," என்றார் முதலாளி. அவருடைய கண் அறுவையின்போது, ஓய்வு பெற்றிருந்தும், துணைக்குப் பக்கத்தில் இருந்தவள் என் மனைவி. எதிரே இருந்த படத்தைப் பார்த்தார். "சரி. அவன நான் வெச்சிக்கறேன். நீ போ."

"அவன் வலது கைக்காரன் முதலாளி."

அவர் படத்தை மறுபடி பார்த்தார். என் இடது கையைப் பார்த்தார். "அடப்பாவி, காலைலயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். பிறகு மெதுவாக, "எதத்தான் நீ காலைலயே சொன்ன," என்றார்.

என் பேனாவை வாங்கி, கடிதத்தை முழங்காலில் வைத்து, கீழே உருதுவில் கையெழுத்துப் போட்டார். தேதியை என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். அதன்பின் வட்டங்களைக் காட்டி, "இத அழிக்கலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இருக்கட்டும். சீட்டு எங்க தோலு, நாங்களே ஒதுக்கனதுன்னு ரிஜிஸ்டர்ல எழுது. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் ரிஜிஸ்டர் உன்னுதுதான். அதுக்குள்ள எட்டு காரயும் எழுதி முடி." கண்ணாடி அறைப் பக்கம் கை காட்டி, "அந்தத் தலாணியத் தூக்கினு போயிடு. எனக்கு இடுப்பு வலி கிடையாது," என்றார்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு டிரைவர் பீடியை அணைத்துவிட்டு ஷெட்டுக்குள் வந்து எங்கள் இருவரையும் கண்ணாடிக்குள் பார்த்துத் திகைத்து நின்றார். ஓடி வந்து கதவைத் திறந்தார். முதலாளி முன்னே போகட்டும் என்று நான் காலை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். எந்த வாசலிலும் நான் அவருக்கு முன்னால் போனதில்லை.

"எப்பிடிப்பா போறது உன்னத் தாண்டி? அந்தப் பக்கம் செவுரு. நீ எறங்குனாத்தான் நான் எறங்க முடியும்," என்றார்.

முதலில் நான் இறங்கினேன். திரும்பிக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது, ஜிப்பாவில் துடைத்துக்கொண்டார்.

வாசல் மேசையில் என் போனில் நான்கு தவறிய அழைப்புகள், எல்லாம் வீட்டிலிருந்து. கூப்பிட்டேன்.

"எங்க போனீங்க?"

"காருக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"தனியாவா?"

"முதல்ல தனியா. அப்புறம் முதலாளியும்."

அவள் மூச்சு கேட்டது. டிக்கெட் எத்தனை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொன்னேன்.